கேள்வி-பதில்: கோர்செட்டைக் கழற்றி எறிந்தால் போதுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் 1810களின் இங்கிலாந்தில் நடக்கும் காதல் தொடர்களைப் பற்றியவை, அதிலும் யாருக்கும் அடங்காத அந்த நாயகியைப் பற்றி. சேர்த்தே பார்த்துவிடலாம்.

கேள்வி: ‘எனக்குக் கல்யாணமே வேண்டாம்’ என்று பெற்றவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறாளே நாயகி, அந்தக் காலத்தில் அப்படி ஒருத்தி இருந்திருப்பாளா? இல்லை, இந்தக் காலத்துப் பெண்ணுக்கு அந்தக் காலத்து கவுனை மாட்டிவிட்டிருக்கிறார்களா?

பதில்: இருந்தார்கள். 1802 டிசம்பரில் ஹாரிஸ் பிக்-விதர் என்ற பெரிய வீட்டு வாரிசு நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினைப் பெண் கேட்டார். ஆஸ்டின் சரி என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் முடியாது என்று மாற்றிச் சொல்லிவிட்டார். வயது 27 ஆகப் போகிறது, கையில் சொந்தமாகக் காசு கிடையாது, இது லேசுப்பட்ட துணிச்சல் இல்லை. அதற்கும் முன்பே, 1778-இல், எலினோர் பட்லர், சாரா பொன்சன்பி என்ற இரண்டு பெண்கள் அயர்லாந்தில் வீட்டை விட்டுக் கிளம்பி, வேல்ஸில் லாங்கோலென் என்ற ஊரில் குடியேறி, சுமார் ஐம்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தார்கள். வீட்டு வேலைக்கு இருக்கட்டும் என்று அம்மா பிடித்துவைத்திருந்த கரோலின் ஹெர்ஷல், பிற்பாடு வால்நட்சத்திரம் கண்டுபிடித்து, 1787-இலிருந்து அரசரிடமே ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் வாங்கினார். ஆக, எண்ணம் புதிதல்ல. சீரியல் நாயகியை நம்ப முடியாமல் போவது, விருந்துக்கு நடுவில் நின்று வசனம் பேசிவிட்டு, அதற்கு சல்லிக்காசு விலை கொடுக்காமல் அடுத்த காட்சியில் புது கவுனோடு வந்து நிற்கிறாளே, அதனால்தான்.

கேள்வி: அவ்வளவு வீம்பு இருந்தால் வெளியே போய்ச் சம்பாதித்துப் பிழைக்க வேண்டியதுதானே?

பதில்: எதைச் செய்து? அந்த வர்க்கத்துப் பெண்ணுக்குக் கௌரவம் கெடாமல் கிடைத்த வேலை பெரும்பாலும் கவர்னஸ்தான், அதாவது ஒரு பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. சம்பளம் சொற்பம், வேலைக்காரர்களோடும் ஒட்ட முடியாது, முதலாளி குடும்பத்தோடும் சேர முடியாது. படிக்கப் போகலாமே என்றால், ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1920-இல், கேம்பிரிட்ஜ் 1948-இல்! காதலனோடு ஓடிப்போவதற்கும் 1753-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது, 21 வயது ஆகாதவர்களின் கல்யாணத்தைப் பெற்றவர்கள் தடுத்துவிடலாம். ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. இந்தத் தொடர்களில் எல்லா ஓடுகாலி ஜோடியும் எல்லையை ஒட்டிய கிரெட்னா கிரீனுக்கே வண்டியை விரட்டுவது அதனால்தான்.

கேள்வி: அப்படியானால் எந்தத் தொடரில் இதைச் சரியாகக் காட்டியிருக்கிறார்கள்?

பதில்: என் ஓட்டு பழசுக்குத்தான். ஜேன் ஆஸ்டினின் நாவலை பிபிசி 1995-இல் ஆறு பாகமாக எடுத்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’, நாயகி எலிசபெத்தாக ஜெனிஃபர் எலி. மூலக்கதையிலேயே கணக்கு தெளிவாக இருக்கிறது. அப்பா இறந்தால் வீடு காலின்ஸ் என்ற தூரத்து உறவுக்காரருக்குப் போய்விடும், எலிசபெத்துக்கு வரப்போவது அம்மா காலத்துக்குப் பிறகு ஆயிரம் பவுண்டு, நாலு சதவீத வட்டியில் ஆண்டுக்கு நாற்பது. பெண் கேட்க வந்த காலின்ஸ் அதை அவளிடமே சொல்லிக்காட்டுகிறார், எவ்வளவு திமிர் பாருங்கள். அவரைக் கட்டிக்கொண்டால் அம்மாவும் தங்கைகளும் அதே வீட்டில் இருக்கலாம். அது தெரிந்தும் மாட்டேன் என்கிறாள். பிறகு ஆண்டுக்குப் பத்தாயிரம் வருமானமுள்ள டார்சி வந்து கேட்கும்போதும் மாட்டேன் என்கிறாள். ஒரு கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. ஆனால் அவள் எதைத் தள்ளிவிடுகிறாள் என்பது நமக்குப் பவுண்டுக் கணக்கில் தெரிகிறது, அதனால் வயிற்றைப் பிசைகிறது.

கேள்வி: நாயகி குதிரையில் பறக்கிறாள், வீடே அதிர்ச்சியில் நிற்கிறது. அது புரட்சிதானே?

பதில்: பெரிய வீட்டுப் பெண்கள் ஒரே பக்கமாகக் கால் போட்டுக் குதிரை ஏறுவது அங்கே சர்வசாதாரணம். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தால் அதிர்ச்சியடைந்திருப்பார்கள்.

கேள்வி: கோர்செட்டை, அதாவது கயிறு கட்டி உடம்பை இறுக்கும் அந்த உள்ளாடையை, இறுக்கி மூச்சு முட்டும் காட்சி?

பதில்: 1810களில் இடுப்பை நெரிக்க அவசியமே இல்லை, கவுன் மார்புக்குக் கீழேயே தளர்ந்து விழும் வகை. நெரிக்கிற அளவுக்கு இறுக்க வேண்டுமானால் கயிறு போகும் துளைகளுக்கு உலோக வளையம் வேண்டும், அது வந்ததே 1820களின் கடைசியில். அப்புறம், வெறும் உடம்பில் கோர்செட்டை மாட்டிக்கொண்டு முதுகில் தழும்போடு நிற்பதாகக் காட்டுகிறார்கள். உள்ளே ஒரு மெல்லிய சட்டை போட்டு அதன்மேல்தான் கட்டுவார்கள். அடக்குமுறையைக் காட்ட இதுதான் கிடைத்ததா? சட்டத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: எவ்வளவு துள்ளினாலும் கடைசியில் கல்யாணம்தானே? பிறகு என்ன சுதந்திரம்?

பதில்: காதல் தொடர் என்று விளம்பரம் செய்துவிட்டுக் கல்யாணம் இல்லாமல் முடித்தால் நீங்களே விடமாட்டீர்கள். ஆனால் கேள்வி நியாயமானது. தாலியில்லாத அந்த ஊரிலும் மோதிரம் மாட்டிய நிமிடமே பெண்ணின் பணம், நகை, சம்பளம் எல்லாம் கணவனுடையது. 1870, 1882 சட்டங்கள் வரும்வரை இதுதான் நிலை. பிள்ளைகள் மீதான உரிமையும் அப்பாவுக்கே. விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே போட வேண்டும், 1857-க்கு முன்பு அப்படி வாங்கிய பெண்கள் மொத்தம் நாலே பேர். பணக்காரக் குடும்பங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி, பெண்ணின் சொத்தை அறங்காவலர்கள் கையில் ஒப்படைப்பார்கள். அவள் கைச்செலவுக்கு எவ்வளவு, கணவன் இறந்தால் எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். அந்தப் பத்திரத்தை நாயகி தானே படித்துப் பார்த்து, ‘இந்த வரியை மாற்றுங்கள், பிறகு கையெழுத்து போடுகிறேன்’ என்று சொல்லும் ஒரு காட்சிக்காக நான் காத்துக்கொண்டிருக்கிறேன். மழையில் நனைந்துகொண்டே நாயகன் உருகும் காட்சியைப் பாதியாக வெட்டினால் நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

கேள்வி: இந்தத் தொடர்களில் உங்களுக்குப் பிடித்த கலகக்காரி?

பதில்: நாயகி இல்லை, அவளுடைய விதவை அத்தை. அந்தச் சட்டத்தில் விதவைக்கு அவள் சொத்து அவளுடையதே, அப்பாவும் இல்லை, கணவனும் இல்லை, கேட்க ஆளில்லை. நல்ல வசனமெல்லாம் அவளுக்கே எழுதுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? அவளை வைத்து முழுத்தொடர் எடுத்தால் முதல் நாளே உட்கார்ந்து பார்ப்பேன்.