72 வயது அப்பாவுக்கு விகிதம் 0.68: சிஓபிடி தானா?

40 வருடம் பீடி பிடித்த அப்பாவுக்கு ஸ்பைரோமெட்ரியில் (நுரையீரல் ஊதல் சோதனை) விகிதம் 0.68 வந்திருக்கிறது, இது சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நோய்) தானா என்று கேட்டிருக்கிறீர்கள். 0.68 என்ற ஒரு எண்ணை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. முதல் நொடியில் ஊதும் காற்றை மொத்தமாக ஊதிய காற்றால் வகுத்தால் வருவது இந்த விகிதம். 0.70-க்குக் கீழே போனால் அடைப்பு என்பது பொதுக் கணக்கு. ஆனால் வயது ஏற ஏற இது தானாகவே இறங்கும். 72 வயதில், புகையே பிடிக்காதவருக்கும் 0.68 வரலாம்.

மருந்து இழுப்பதற்கு முன் ஊதிய எண்ணைப் பார்க்கிறீர்களோ என்று சந்தேகம். ரிப்போர்ட்டில் 'போஸ்ட்' என்று தனி வரிசை இருக்கிறதா பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை இழுத்து 10-15 நிமிடம் கழித்து ஊதியது அது, அதுதான் செல்லும். இல்லையென்றால் சோதனை பாதிதான் நடந்திருக்கிறது. அந்த வரிசை இருந்து, அதில் விகிதம் 0.6-க்கும் 0.8-க்கும் இடையில் வந்தால், இன்னொரு நாள் திரும்ப ஊதிப் பார்ப்பதே முறை. 'எல்எல்என்' என்பது அவர் வயது, உயரத்துக்கான கீழ் எல்லை; அதையும் ஒப்பிடுங்கள்.

அப்புறம், எத்தனை நொடி ஊதினார்? பெரியவர்கள் மூன்றே நொடியில் களைத்து நிறுத்திவிடுவார்கள் (பாவம், அது லேசான வேலை இல்லை). அப்போது விகிதம் உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

ஒன்று மட்டும்: எண் சரியாக வந்தாலும் 40 வருட பீடி நுரையீரலைச் சும்மா விட்டிருக்காது. சளியில் ரத்தமோ எடைக் குறைவோ இருந்தால் மறுசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.