நிறுத்தி வைத்தாலே பேட்டரி இறங்குகிறதா? ரெகுலேட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2021 மாடல் 150 சிசி பைக் இருக்கிறது. கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். தினமும் ஓட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. நாலைந்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால், செல்ஃப் பட்டனை அழுத்தும்போது ‘டக் டக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றுவதில்லை. பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதிது வாங்கினேன். இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே கதை. வண்டியில் இரண்டு ஃபாக் லேம்ப், மொபைல் சார்ஜர், ஜிபிஎஸ் கருவி மாட்டியிருக்கிறேன். ரெகுலேட்டரை மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ‘தினமும் ஓட்டும்போது தொந்தரவு இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தகவல். சார்ஜ் ஏறாத வண்டி, ஓட்ட ஓட்டத்தான் மோசமாகும். காலையில் கிளம்பி, மாலையில் ஆபீஸ் வாசலில் நிற்கும். உங்கள் வண்டி ஓடும்போது நன்றாக இருக்கிறது, நிற்கும்போதுதான் படுத்துக்கொள்கிறது. அப்படியென்றால் சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது. இன்ஜினில் உற்பத்தியாகும் கரண்ட்டைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டரே அந்த வேலையைச் செய்வதும் உண்டு, அதனால் மெக்கானிக் சொன்னதை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அளந்து பார்க்காமல் மாற்றுவது பணத்தைக் கரைக்கிற வேலை.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். முதலில் டிசி 20 வோல்ட்டில் வைத்து, இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். 12.6க்கு மேல் இருந்தால் நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போய்விட்டால் செல்ஃப் அடிக்கத் திணறும். அடுத்து வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் எரிகிற நிலையில், ஆக்ஸிலேட்டரை 4000 ஆர்பிஎம் அளவுக்குப் பிடித்துக்கொண்டு அதே முனைகளில் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜிங் சரியாக இருக்கிறது, அந்தப் பக்கத்தை மறந்துவிடலாம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. 13கூட வரவில்லை என்றால் கரண்ட் உற்பத்தி செய்யும் மேக்னட் காயில், ரெகுலேட்டர், இரண்டின் ஒயர்களையும் இணைக்கும் பிளக்கான கப்ளர் மூன்றையும் பார்க்க வேண்டும். கப்ளரைத்தான் முதலில் திறந்து பாருங்கள் என்பேன். காயிலிலிருந்து வரும் மூன்று ஒயர்கள் நுழையும் இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, ஓரம் உருகியிருந்தால், கோளாறு அங்கேயே முடிந்துபோகலாம்.

உங்கள் வண்டியில் அநேகமாக 14 வோல்ட் சுத்தமாகக் காட்டும். அப்புறம்தான் நிஜமான வேலை.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். பாசிடிவைத் தொட வேண்டாம். அதைக் கழற்றும்போது ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் ஷார்ட் ஆகும். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டயலை டிசி 10 ஆம்பியரில் வையுங்கள். சிவப்பு முனை, கழற்றிய நெகடிவ் ஒயரில். கறுப்பு முனை, பேட்டரியின் நெகடிவ் முனையில். இனி வண்டி எடுக்கும் கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். இந்த நிலையில் சாவியைப் போடவோ செல்ஃபைத் தொடவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

மீட்டர் காட்டும் முதல் எண்ணை நம்பாதீர்கள். இணைப்புக் கொடுத்தவுடன் வண்டியின் ஸ்பீடோமீட்டர் கன்சோலும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்ன கணினியான இசியுவும் கண்விழித்துச் சில நூறு மில்லி ஆம்பியர் இழுத்துவிட்டுத்தான் தூங்கும். ஜிபிஎஸ் கருவிக்குள் இருக்கும் குட்டி பேட்டரியும் இணைப்பு வந்தவுடன் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பத்து நிமிடமாவது விடுங்கள். 0.01, 0.00 என்று இறங்கிவிட்டால், மீட்டரைக் கழற்றி 200 மில்லி ஆம்பியர் அளவுக்கு மாற்றித் துல்லியமாகப் பாருங்கள். மாற்றும் நேரத்தில் இணைப்பு விட்டுப்போனால் எல்லாம் மறுபடி கண்விழிக்கும். அதனால் கழற்றிய ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் ஒரு சிறு துண்டு ஒயரைக் கிளிப்பால் மாட்டி வைத்துக்கொண்டு, மீட்டரை இணைத்த பிறகு அதை எடுத்துவிடுங்கள். கடைகளில் பலர் இதைச் செய்வதில்லை, அவசரத்தில் தப்பான எண்ணைப் படிக்கிறார்கள்.

இனி கணக்கு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் இன்ஜெக்‌ஷன் பைக், நிற்கும்போது சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். கடிகாரத்துக்கும் நினைவுக்கும் அவ்வளவு போதும். உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 5 ஆம்பியர் ஹவர் என்று வைத்துக்கொள்வோம். 2 மில்லி ஆம்பியர் போனால் மாதத்துக்கு 1.4 ஆம்பியர் ஹவர். பேட்டரி நன்றாக இருந்தால் ஒரு மாதம் நின்றாலும் செல்ஃப் அடிக்கும். அதே 50 மில்லி ஆம்பியர் போனால் ஒரு நாளைக்கு 1.2, நாலு நாளில் 4.8. தொட்டியே காலி. நீங்கள் சொன்ன ‘நாலைந்து நாள்’ கணக்கோடு இது ஒத்துப்போவதைக் கவனியுங்கள். மீட்டரில் 40க்கும் 60க்கும் நடுவில் ஒரு எண் வந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

கசிவு இருப்பது தெரிந்தபின், மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் துண்டியுங்கள். முதலில் மெயின் ஃபியூஸைப் பிடுங்குங்கள். எண் இறங்காமல் அப்படியே நின்றால், வண்டியின் சொந்த ஒயரிங் பெரும்பாலும் நிரபராதி. ஃபியூஸைத் தாண்டாமல் நேராக பேட்டரி முனையில் முடிச்சுப் போட்ட ஏதோ ஒன்றுதான் இழுக்கிறது. சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பாசிடிவ் போல்ட்டில் கம்பெனி ஒயரோடு இன்னும் இரண்டு மூன்று சிவப்பு ஒயர்கள் சொருகியிருக்கும். கறுப்பு டேப் சுற்றிய ஜாயின்ட், டேப்பின் பசை வெயிலில் கசிந்து பிசுபிசுவென்று, உள்ளே ஒயரின் செம்பு பச்சை பூத்து. வெளியில் மாட்டிய சாமான்கள் எல்லாம் பொதுவாக இங்கேதான் வந்து சேரும்.

மூன்றில் முதலில் நான் சந்தேகப்படுவது ஜிபிஎஸ். கடையில் கேட்டால் ‘ஒன்றும் எடுக்காது சார்’ என்பார்கள். நல்ல சிக்னல் உள்ள இடத்தில் அது ஓரளவு உண்மை, சில மில்லி ஆம்பியரில் தூங்கிக் கிடக்கும். அடுக்குமாடி வீட்டின் அடித்தள பார்க்கிங்கில் நிறுத்தினால் சிம்முக்கு டவர் கிடைக்காது. கருவி விடாமல் தேடிக்கொண்டே இருக்கும், கரண்ட்டும் பல மடங்காகும். மீட்டரில் எண் நிலையாக நிற்காமல், குறைவாக இருந்து திடீரென்று ஏறி இறங்குவது இதன் அடையாளம். அதனால் வண்டி வழக்கமாக நிற்கும் அதே இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் அளந்தால் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

மொபைல் சார்ஜரை பேட்டரியில் நேராக இணைத்திருந்தால், போன் மாட்டாவிட்டாலும் அதன் உள் சர்க்யூட் கொஞ்சம் எடுக்கும். வோல்ட் காட்டும் சின்ன சிவப்பு டிஸ்ப்ளே உள்ள மாடல் என்றால் அது இரவு பகலாக எரியும், இன்னும் கூடுதலாக எடுக்கும். ஃபாக் லேம்ப்பில் விளக்கு அணைந்திருக்கும், ஆனால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் மின்காந்த சுவிட்சான ரிலே உயிரோடு இருக்கும். ரிலேயின் காயிலை பேட்டரியில் நேராகக் கொடுத்துவிட்டு, லேம்ப்புக்குத் தனி சுவிட்ச் போட்டிருந்தால் இப்படி ஆகும். ரிலே காயில் மட்டும் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியை இரண்டே நாளில் கவிழ்த்துவிடும். இதற்கு மீட்டர்கூட வேண்டாம். வண்டி நின்று நாலைந்து மணி நேரம் கழித்து ரிலேயை விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

மூன்றையும் துண்டித்த பிறகும் எண் இறங்கவில்லை என்றால் இப்போது ரெகுலேட்டர். அதன் கப்ளரைக் கழற்றியவுடன் எண் விழுந்தால், உள்ளே கரண்ட்டை ஒரே திசையில் விட வேண்டிய ஒரு டயோடு பின்னோக்கிக் கசிகிறது, மெக்கானிக் சொன்னது சரி, தயங்காமல் மாற்றுங்கள். விழவில்லையா? இக்னிஷன் சுவிட்சின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பிரஷர் வாட்டர் சர்வீஸில் சாவித் துவாரத்தில் தண்ணீர் அடித்து, உள்ளே பச்சை பிடித்துக் கசியும் சுவிட்சுகள் நிறைய உண்டு. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துத் தேடுவது, அது மெக்கானிக்கின் வேலை.

வேலை முடிந்ததும் மீட்டரின் சிவப்பு ஒயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்த தடவை வோல்ட் பார்க்கப் போனால் பேட்டரியை நேராக ஷார்ட் செய்கிறீர்கள்.

இரண்டு பழைய வைத்தியங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெகடிவ் ஒயரை முனையில் தட்டித் தீப்பொறி வருகிறதா என்று பார்ப்பது. இசியு உள்ள வண்டியில் தட்டும்போதெல்லாம் பொறி வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னொன்று, வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி ‘நிற்காமல் ஓடுகிறது, சார்ஜிங் சரி’ என்பது. கார்புரேட்டர் காலத்தில் தப்பித்துவிடலாம். உங்களுடையதைப் போன்ற பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியில் பேட்டரி இல்லாமல் வோல்ட்டேஜ் தாறுமாறாக எகிறும், இசியு போனால் புது பேட்டரியைவிடப் பல மடங்கு செலவு. உங்கள் வண்டியில் யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள்.

சரி, கண்டுபிடித்த பிறகு? ஃபாக் லேம்ப்பையும் சார்ஜரையும் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயருக்கு மாற்றுங்கள். ரிலேயின் காயிலுக்கும் சிக்னல் அங்கிருந்துதான் வர வேண்டும். லேம்ப்பின் முக்கிய ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும். ஜிபிஎஸ் திருட்டுக்காக மாட்டியது, அதைச் சாவியோடு இணைத்தால் பயன் குறைந்துவிடும். அதை நேராகவே விட்டு, கரண்ட் குறைவாக எடுக்கும் ஸ்லீப் முறை இருந்தால் இயக்கச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் ஊருக்குப் போகும்போது மட்டும் அதன் ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம். உள் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று, 2017 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க முடியாது. அதோடு 40 வாட் ஃபாக் லேம்ப்பும் சேர்ந்தால் 3 ஆம்பியருக்கு மேல் கூடுதல் சுமை. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது மேக்னட் அதைத் தாங்காது. நகரத்துக்குள் பகலில் அதை எரிக்க வேண்டாம்.

இப்போதிருக்கும் பேட்டரி தப்புமா என்பதை அப்புறம் பாருங்கள். அடிக்கடி முழுதாக இறங்கிய பேட்டரியில் தட்டுகளின் மேல் சல்பேட் கெட்டிப்பட்டு, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். இரண்டு மாதத்தில் புது பேட்டரி படுத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதைக் கழற்றி, அரை ஆம்பியர் அளவில் மெதுவாக நிறைய சார்ஜ் ஏற்றுங்கள். கார் பேட்டரிக்கு வைக்கும் பெரிய சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். ஏற்றிய பிறகு வண்டியில் மாட்டாமல் ஒரு நாள் தனியாக வைத்து அளந்து பாருங்கள். 12.6க்குக் குறையாமல் நின்று, மாட்டிச் செல்ஃப் அடிக்கும்போதும் 10க்குக் கீழே போகவில்லை என்றால் இன்னும் உழைக்கும். சும்மா வைத்ததிலேயே 12.3, 12.2 என்று இறங்கினால், அந்த எண்களையும் தேதியையும் பில்லின் பின்னால் எழுதி வாரண்டிக்குக் கொண்டு போங்கள். ஆனால் கசிவை அடைத்த பிறகு போங்கள். இல்லாவிட்டால் மாற்றித் தரும் பேட்டரியும் அடுத்த ஊர்ப் பயணத்தில் படுத்துவிடும்.