டாக்டர் பதில்கள்: தை மாதம் கல்யாணம், கையில் மெத்தோட்ரெக்சேட்

கே: எனக்கு 27 வயது. ஊர் மேலூர் பக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பாவோடு கடை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே கரப்பான். இப்போது கழுத்து, முழங்கை மடிப்பு, கால் என்று உடம்பெல்லாம் பரவி, ராத்திரி தூக்கமே இல்லை. க்ரீம் எதற்கும் கேட்கவில்லை. ஊரில் ஊசி போட்டால் பத்து நாள் அடங்கும். அப்புறம் முன்னைவிட மோசம். மதுரை தோல் டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதினார். மருந்துக்கடைக்காரர், "இது கேன்சர் மாத்திரையாச்சே" என்கிறார். சாப்பிடலாமா? தை மாதம் எனக்குக் கல்யாணம்.

– பெயர் வேண்டாம், மேலூர்

ப: கடைசி வரியை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களாம்மா? சொல்லவில்லை என்றால் மாத்திரையைத் தொடாமல் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும். கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஆறு மாதம் என்று சொல்கிற டாக்டர்களும் உண்டு. குழந்தையைத் தள்ளிப்போடுவதாக இருந்தால், கருத்தடையோடு இதைச் சாப்பிடலாம். இல்லையென்றால் சைக்ளோஸ்போரின் என்று வேறொரு மருந்து இருக்கிறது. சில வாரங்களிலேயே அரிப்பு அடங்கும், அவசியமானால் கர்ப்பத்திலும் கொடுப்பதுண்டு. ஆனால் பிரஷரையும் கிட்னியையும் விடாமல் பார்க்க வேண்டும். ஓரிரு வருஷத்துக்கு மேல் நீட்டவும் மாட்டார்கள்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. கேன்சருக்குப் பெரிய அளவுகளிலும் கொடுக்கிற மருந்துதான். கரப்பானுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். வாரத்துக்கு ஒரே நாள்! தெரியாமல் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி உயிரே போனதும் உண்டு. கூடக் கொடுக்கிற ஃபோலிக் ஆசிட்டும் பல சமயம் இதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரையாக இருக்கும். அதனால் அட்டையிலேயே 'வெள்ளி மட்டும்' என்று பேனாவால் எழுதி வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

எந்த மாத்திரையானாலும் ஆரம்பிக்கும் முன் ரத்த அணுக்கள், ஈரல், கிட்னி, மஞ்சள் காமாலைக் கிருமி, காசநோய் எல்லாம் பார்த்துவிட வேண்டும். செலவுக்கு யோசித்தால் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போங்கள். சின்னம்மை வந்ததில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். தடுப்பூசி தேவைப்பட்டால் மாத்திரைக்கு முன்பே போட வேண்டும்.

எனக்கு உண்மையில் பயம் அந்த ஊர் ஊசி மேல்தான். அநேகமாக அது ஸ்டீராய்டு. அடங்கினது மாதிரி அடங்கி, இரட்டிப்பாகத் திரும்பும். சர்க்கரை, எலும்புத் தேய்மானம் என்று இழுத்துவிடும். கல்யாணத்துக்கு முகம் தெளிவாக இருக்கட்டும் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். போட்ட ஊசிகளின் சீட்டு இருந்தால், டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.