சந்தை மனிதர்களுக்கு ஓர் அட்டவணை

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கும் கல்லூரி மாணவன் நான். வாரச் சந்தை கூடும் ஊர் ஒன்றை வைத்து கேம் செய்கிறேன். அதில் 40 பேர் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். எல்லோரையும் நடமாட விட்டால் என் லேப்டாப் திணறுகிறது. பழைய கேம்களில் எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: 40 பேரும் எந்நேரமும் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று கருதியதுதான் சிக்கலின் வேர். ஆட்டக்காரரின் கண்ணில் படாதவர் நடக்கத் தேவையில்லை. கண்ணில் படும் நொடியில், அந்நேரத்துக்கு உரிய இடத்தில் இருந்தால் போதும்.

1988இல் வெளிவந்த அல்டிமா 5 கேமில் ஒரு கதாபாத்திரத்தின் அன்றாடம் முழுவதும் 16 பைட்டுக்குள் (பைட் என்பது கணினி நினைவகத்தின் சிறிய அலகு) அடங்கியது: மூன்று இடங்கள், அங்கங்கே நடந்துகொள்ளும் விதம், இடம் மாறும் நான்கு நேரங்கள். ஓர் ஊருக்கு 32 பேர் என்றாலும் அட்டவணை 512 பைட்டுதான். மூன்று இடங்களுக்கு நான்கு நேரங்கள் எதற்கு என்று தோன்றலாம். சாப்பிடப் போனவர் மறுபடியும் வேலைக்குத்தானே திரும்புகிறார்! உங்கள் மாங்காய் மண்டிக்காரருக்கும் வீடு, மண்டி, டீக்கடை ஆகிய மூன்றே தாராளம். 2001இல் வந்த கோதிக் கேம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன செயல், எந்த இடத்தில் என்று ஒவ்வொருவருக்கும் வரிவரியாக எழுதிவைத்தது. நீங்கள் பின்பற்றுவதற்கு இதுவே எளிது என்பேன்.

ஆட்டக்காரர் சந்தைக்குள் நுழையும்போது கடிகாரத்தைப் பார்த்து, அட்டவணையில் உரிய வரியைத் தேடி, பாத்திரத்தை நேராக அங்கே வைத்துவிடுங்கள். திரையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மட்டும் வழி தேடும் கணக்கை ஓட்டுங்கள். பேச்சுக்கு நின்றவர், பேசி முடித்ததும் விட்ட நடையைத் தொடராமல், கடிகாரத்தை மீண்டும் பார்க்கட்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் நள்ளிரவு. தூக்கம் 22 மணி முதல் 5 மணி வரை என்றால், தொடக்கம் முடிவைவிடப் பெரிய எண்ணாக இருப்பதால் ‘தொடக்கத்துக்கு மேல், முடிவுக்குக் கீழ்’ என்ற சாதாரண ஒப்பீடு தோற்று, பாத்திரம் எங்கும் இல்லாமல் போகும். அப்போது ‘22 அல்லது அதற்கு மேல், இல்லையேல் 5க்குக் கீழ்’ என்று சோதியுங்கள். எல்லோரும் சரியாக ஆறு மணிக்கே கிளம்பினால் வாசலில் நெரிசல் ஏற்படும் என்பதால், ஆளுக்குச் சில நிமிடங்கள் தள்ளிவையுங்கள்.

சந்தை நாளுக்குத் தனி அட்டவணை வேண்டும். 2000இல் வந்த மஜோராஸ் மாஸ்க் கேமில், கதை நடக்கும் மூன்று நாட்களிலும் மனிதர்களின் நடவடிக்கை வெவ்வேறாக இருக்கும். ஆனால் அட்டவணையை நள்ளிரவில் மாற்றாதீர்கள்; புளி மூட்டையை வண்டியில் ஏற்றும் வியாபாரி அதற்கு முன்பே எழுந்துவிடுவார் என்பதால், முந்தைய நாள் மாலையிலேயே மாற்றிவிடுங்கள்.