கண்ணை மூடிக்கொண்டு கோல் பண்ணுபவர்களோடு போக்கர்: கேள்வி பதில்

போக்கரில் டெக்ஸஸ் ஹோல்டெம் என்ற வகையையும் (ஆளுக்கு இரண்டு கடதாசி, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து), கொழும்புக் கசினோக்களின் சிறுகாசு மேசையையும் வைத்தே பதில் எழுதுகிறேன். எந்தக் கை வந்தாலும் கோல் பண்ணுகிற, அதாவது அடுத்தவர் போட்ட அளவு தாமும் போட்டு நிற்கிற, ஆட்கள் உள்ள மேசை அது. கணக்குக்கு 100/200 ரூபா பிளைண்ட் என்று எடுத்துக்கொள்வோம். பிளைண்ட் என்பது கடதாசி வருமுன் இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயம் போடும் காசு; 200தான் பெரிய பிளைண்ட். "இங்கேயே ஒரு வீட்டில காசு வைச்சு மேசை போட்டா என்ன?" என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். போடவேண்டாம். அனுமதியில்லாமல் சூதாட்ட மேசை நடத்துவது சட்டப்படி குற்றம்.

மாங்குளம்: அண்ணை, 304 நல்லாத் தெரியும். போக்கர் லேசா வருமோ?

விழுந்த கடதாசியைக் கவனிக்கிற பழக்கம் உதவும். மற்றப் பழக்கங்கள் இடறும். 304இல் ஜக்தான் பெரிது, அடுத்தது ஒன்பது, அதற்குப் பிறகே ஏஸ். போக்கரில் ஏஸ், கிங், குயின், ஜக் என்று போகும். ஜக்கும் ஒன்பதும் கையில் வந்தால் மனம் துள்ளும். இங்கே அது எறிகிற கை. துரும்பும் இல்லை. கலாவரை, உறுவித்தன், ஆடுத்தன், இஸ்கோப்பன் நான்கும் சமம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, 304இல் வந்த கையை ஆடித்தான் ஆகவேண்டும். போக்கரில் பிளைண்ட் உங்களிடம் இல்லாதபோது ஒதுங்குவதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஒன்பது பேர் மேசையில் பத்துக் கையில் எட்டை எறியுங்கள்.

பரந்தன்: எந்தக் கையை ஆடுறது? எவ்வளவு றெயிஸ்?

பெரிய சோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின். வழக்கமான றெயிஸ் (தொகையைக் கூட்டிப் போடுவது) 600, முன்னால் சும்மா 200 போட்டு நுழைந்த ஒவ்வொருவருக்கும் இன்னொரு 200. இந்த மேசைகளில் 600க்கு ஒருவரும் ஒதுங்கமாட்டார்கள். 1,200 முதல் 1,600 வரை போடுங்கள், அதற்கும் வருவார்கள். சின்னச் சோடி என்றால் மலிவாகப் புளொப்பை, அதாவது நடுவில் முதலில் விரிக்கும் மூன்று கடதாசியைப் பாருங்கள். மூன்றாவது அதே கடதாசி விழுவது எட்டரைக்கு ஒரு தடவைதான். விழாவிட்டால் எறியுங்கள். காசைத் தின்கிற கை ஏஸ்-ஐந்து போன்றது: ஏஸ் விழும், எதிராளியிடம் ஏஸ்-குயின் இருக்கும்.

புதுக்குடியிருப்பு: பிளஃப் எப்ப அடிக்கிறது?

பிளஃப் என்றால் கை மோசமாக இருக்க நல்ல கைபோலக் காசு போடுவது. இவர்களுக்கு அடிக்காதீர்கள். பொட்டில் (நடுவில் சேர்ந்த காசு) 2,000 இருக்க 2,000 போட்டுப் பிளஃப் அடித்தால், பாதித் தடவையாவது எதிராளி போல்ட் பண்ணினால்தான் (கையை எறிந்தால்தான்) கை கடிக்காது. போல்டே பண்ணாதவரிடம் அது வெறும் நட்டம். நல்ல கை வரும்போது பொட்டில் மூன்றில் இரண்டு பங்கைப் போட்டுக்கொண்டே போங்கள்.

முல்லைத்தீவு: ரெண்டு ஏஸ் வந்தது, அஞ்சு பேர் கோல் பண்ணி ஆற்றையோ ஏழு-நாலு வெண்டிட்டுது. இவையளோட ஆடேலாது.

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். ஒரு ஆளுக்கு எதிராக இரண்டு ஏஸ் 85 வீதம் வெல்லும். கிடைத்ததை வைத்து ஆடுகிற ஐந்து பேருக்கு எதிராக 49 வீதம்தான். கூடுதலாகத் தோற்பது உண்மை, ஆனால் காசைப் பாருங்கள். ஆளுக்கு 1,600 போட்டால், ஒரே எதிராளியோடு பொட் 3,200. உங்கள் பங்கு சுமார் 2,720, இலாபம் 1,120. ஐந்து பேரோடு பொட் 9,600; பங்கு சுமார் 4,700, இலாபம் 3,100. தோல்வி கூடுகிறது, இலாபமும் கூடுகிறது.

கிளிநொச்சி: அப்ப றெயிஸ் பண்ணாமல் விட்டா இன்னும் கன பேர் வருவினமே?

வருவார்கள், வெறும் 200ஓடு. ஆறு பேருக்கு 1,200. இலாபம் 400க்கும் குறைவு. ஆட்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, ஆளுக்கு எவ்வளவு போடுகிறார்கள் என்பதும் வேண்டும்.

வவுனியா: ஐயா, அந்த 49 வீதம் எல்லாரும் கடைசிக் கடதாசி வரைக்கும் நிண்டாத்தானே? புளொப்புக்குப் பிறகு இன்னும் காசு போகுது, அதைக் கணக்கில விட்டிட்டியள்.

சரியான திருத்தம். மேலே சொன்னது முதல் சுற்றுக் காசுக்கு மட்டும். பிறகு ஆளைப் பார்க்கவேண்டும். கண்டபடி ஆடுபவர்களில் இரண்டு வகை. எல்லாவற்றுக்கும் கோல் பண்ணுபவர் திடீரென்று நாலாவது கடதாசியில் றெயிஸ் அடித்தால் உங்கள் ஒற்றைச் சோடி தோற்றுவிட்டது. ஏஸ் என்றாலும் எறியுங்கள். எல்லாவற்றுக்கும் றெயிஸ் அடிப்பவர் வேறு. அவருக்கு இடப்பக்கம் இருங்கள், அவர் முதலில் போடட்டும், நீங்கள் கோல் பண்ணுங்கள். முதல் அரை மணித்தியாலம் யார் எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்.

மல்லாவி: நாலு இஸ்கோப்பன் சேர்ந்திட்டுது, இன்னும் ஒண்டு வேணும். கடைசிக் கடதாசிக்குக் காசு குடுக்கலாமோ?

ஐந்தும் ஒரே இனமானால் பெரிய கை. மிச்சமுள்ள 46இல் 9 உங்களுக்கு நல்லது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. பொட் 3,000, அவர் 1,000 போட்டால் நீங்கள் 1,000 கொடுத்து 5,000இல் பங்கு கேட்கிறீர்கள், ஏறக்குறையச் சரிசமம், கொடுக்கலாம். அவர் 3,000 போட்டால் மூன்றில் ஒரு வாய்ப்பு வேண்டும், எறியுங்கள்.

ஒட்டுசுட்டான்: எந்த ஆப் நல்லது?

என் துறை இல்லை.

நெடுங்கேணி: எவ்வளவு காசு கொண்டுபோறது?

மூன்றாவது தடவை இதே கேள்வி. ஒரு இருப்புக்கு 20,000, அதாவது நூறு பெரிய பிளைண்ட். இதற்கென்று ஒதுக்கிய முழுக்காசு அதைப்போல் இருபது மடங்கு, நாலு இலட்சம். அடகு வைத்த நகைக் காசு, சீட்டுக் காசு, வட்டிக் காசு எதுவும் அதில் சேரக்கூடாது.

செலவையும் கூட்டுங்கள். பொட்டில் பொதுவாக 5 வீதமளவு கசினோ எடுக்கும். இலங்கைக் குடிமக்களுக்கு டொலர்க் கணக்கில் நுழைவு வரி உண்டு. மணித்தியாலத்துக்கு ஐந்து பெரிய பிளைண்ட் வென்றாலே திறமான ஆட்டம். ஆறு மணித்தியாலத்தில் 6,000 ரூபா. நுழைவு வரியே அதைவிடக் கூட, பஸ் காசு வேறு. ஆகவே இந்த மேசையை வருமானம் என்று நினைத்து வன்னியிலிருந்து போகாதீர்கள். இலவசமாகத் தருகிற குடியையும் தொடவேண்டாம்.

பூநகரி: பிழையா ஆடுறவருக்கு எடுத்துச் சொல்லலாமோ?

சொல்லவேண்டாம். கேட்டால் திருந்துவார், கோபித்தால் எழும்பிப் போவார். இரண்டிலும் உங்கள் காசுதான் போகும்.

துணுக்காய்: ஒரேயொரு பிளஃப் எண்டாலும்?

புதுக்குடியிருப்புக்குச் சொன்னதை வாசியுங்கள்.