வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் முன்: ஒரு வூஷு மாணவியின் தந்தைக்கு

ஈரோட்டிலிருந்து எழுதியிருக்கும் ஐயா அவர்களுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கும் உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து வூஷு பயின்று வருகிறார். மாநிலப் பதக்கங்கள் பெற்றிருக்கிறார். ஒரு முறை தேசியப் போட்டியில் தமிழக அணிக்காக ஆடியிருக்கிறார். ‘சீனச் சண்டைக் கலையை நம்பி ஒரு பெண் பிள்ளை பிழைக்க முடியுமா?’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். உங்கள் மைத்துனரோ தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் இடத்தைப் பேசி முடித்துவிட்டார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தால்தான் முதல் ஆண்டுக் கட்டணமே கட்ட முடியும் என்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் ஆறுதலுக்காக நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை நான் சொல்லப் போவதில்லை: அந்த இடத்தை வாங்காதீர்கள்.

மகள் தனியாக இணைத்திருந்த அரைப் பக்கக் குறிப்பைத் தயவுசெய்து நீங்களும் படித்துப் பாருங்கள். அதில் கணினியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தன் பயிற்சிக்கூடத்துச் சிறுமி ஒருத்தி சுழன்று குதித்து இறங்கும்போது பாதம் நகர்ந்துவிடுவதையும், அதற்குக் காரணம் காலில் இல்லை, இடுப்பு முன்கூட்டியே திரும்பிவிடுவதில்தான் இருக்கிறது என்று தான் கண்டுபிடித்துத் திருத்தியதையுமே எழுதியிருக்கிறார். வூஷுவில் எதிராளியோடு மோதும் சாண்டா ஒரு பிரிவு; உங்கள் மகள் ஆடும் தாவ்லூ, அசைவுத் தொடர்களைத் தனித்துச் செய்துகாட்டும் பிரிவு. அதில் மொத்தம் 10 புள்ளிகளில் அசைவின் தரத்துக்கு 5, ஒட்டுமொத்த வெளிப்பாட்டுக்கு 3, கடினமான தாவல்களுக்கும் இணைப்புகளுக்கும் 2 என்று நடுவர் குழுக்கள் பிரித்து மதிப்பிடுகின்றன. இறங்கும் பாதம் நகர்ந்தால் தரத்திலும் கழிவு உண்டு, கடினப் புள்ளியும் கைநழுவிப் போகலாம். பதினேழு வயதில் அந்தப் பிழையின் வேரைப் பார்க்கத் தெரிந்திருப்பது பயிற்றுநருக்குரிய கண். அதைப் பணம் கட்டி வாங்க முடியாது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறை, துணை ராணுவப் படை வேலை என்பது அனைவரும் அறிந்த வழி என்பதால் அதை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் யாருமே நினைத்துப் பார்க்காத வழி, முறையாகப் படித்துப் பட்டயம் பெற்ற பயிற்றுநராவது. பாட்டியாலாவில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் கீழ் இயங்கும் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் ஓராண்டுப் பயிற்றுநர் பட்டயப் படிப்பில் வூஷுவும் ஒரு பிரிவாக இருக்கிறது. பொதுவாக ஏதேனும் ஒரு பட்டமும், குறிப்பிட்ட மட்டத்தில் ஆடிய சான்றிதழும், உடல்தகுதியும் கேட்பார்கள். மைதானத்தில் பயிற்சியளிக்கும் முறையோடு உடலியங்கியல், உயிர் இயந்திரவியல், விளையாட்டு உளவியல், ஆண்டு முழுவதற்குமான பயிற்சித் திட்டம் வகுத்தல் ஆகியவற்றையும் அங்கே படிக்க வேண்டும். ஒரு குழந்தையின் முழங்கால் எத்தனை தாவல்களைத் தாங்கும் என்பதை ஊகத்தில் சொல்லாமல் அறிந்து சொல்லும் பயிற்றுநர் அப்படித்தான் உருவாகிறார். இடங்கள் குறைவு, தேர்வு உண்டு. ஆனால் செலவு, உங்கள் மைத்துனர் பேசியிருக்கும் தொகையோடு ஒப்பிடும் நிலையிலேயே இல்லை.

எனவே இந்த மூன்று ஆண்டுகளில் செய்ய வேண்டியது, உடற்கல்வியிலோ மகளுக்குப் பிடித்த வேறு பாடத்திலோ குறைந்த கட்டணத்தில் ஒரு பட்டம் பெறுவது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அது சேர்ந்துள்ள பல்கலைக்கழகம் அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வூஷு போட்டிக்கு அணி அனுப்புகிறதா என்று மட்டும் கேளுங்கள். அதோடு மாநிலச் சங்கம் நடத்தும் நடுவர் பயிற்சியில் சேர வயதுத் தகுதி வந்ததும் சேர்த்துவிடுங்கள். நடுவர் மேசையில் அமர்ந்து பழகியவர் கற்றுக்கொடுக்கும்போது மாணவர்கள் எங்கே புள்ளி இழக்கிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் அடிப்படை சான்றிதழ்தான். இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. இந்தியாவில் இந்த விளையாட்டின் தேசிய அமைப்பு, 1989-இல் தொடங்கப்பட்ட இந்திய வூஷு சங்கம். 1990-இல் பெய்ஜிங்கில் உருவான சர்வதேச வூஷு கூட்டமைப்பில் நம் நாட்டின் சார்பில் இருப்பது அதுவே. ஆசிய விளையாட்டுக்கான வூஷு அணியும் அதன் தேர்வுப் போட்டிகள் வழியாகவே அமைகிறது. ‘குங்ஃபு’ என்ற பெயரில் தெருவுக்கொரு கூட்டமைப்பு ‘தேசிய’, ‘உலக’ என்ற அடைமொழிகளோடு கோப்பை கொடுக்கிறது. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்தக் காகிதம் செல்லாது. மத்திய அரசுப் பணி என்றால், சர்வதேசப் போட்டிக்குத் தேசிய அமைப்பின் செயலரும், தேசியப் போட்டிக்குத் தேசிய அமைப்பின் அல்லது மாநிலச் சங்கத்தின் செயலரும், பல்கலைக்கழகப் போட்டிக்கு அதன் விளையாட்டு இயக்குநரும் தனித்தனிப் படிவங்களில் கையொப்பமிட வேண்டும். மகளின் சான்றிதழ்களில் எது எந்தப் படிவத்துக்குள் வரும் என்று இந்த வாரமே பிரித்து வையுங்கள். வெளிநாட்டில் ‘ஓபன்’ போட்டி என்று சொல்லி விமானக் கட்டணம் கேட்டு எவராவது வந்தால், ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

வேலை நிச்சயமா என்று கேட்பீர்கள். நிச்சயம் இல்லை. அரசு அமைப்புகளில் பயிற்றுநர் பணியிடங்கள் எப்போதாவதுதான் வருகின்றன, அவற்றில் பலவும் ஒப்பந்த அடிப்படையில். தொடக்கத்தில் பள்ளிகளிலும் தனிப் பயிற்சிக்கூடத்திலுமாகத்தான் வருமானத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆனால் இது யாரும் மதிக்காத மூலையும் இல்லை. மணிப்பூரின் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ரோஷிபினா தேவி ஆசிய விளையாட்டில் 2018-இல் வெண்கலமும், 2023-இல் ஹாங்சோவில் வெள்ளியும் வென்றார். பூஜா காடியான் 2017-இல் கசானில் உலகச் சாம்பியனானார். பயிற்றுநர் குல்தீப் ஹண்டு 2020-ஆம் ஆண்டுக்கான துரோணாச்சாரியார் விருதைப் பெற்றார். 2026-இல் செனகல் நாட்டின் டக்காரில் நடக்கவிருக்கும் இளையோர் ஒலிம்பிக்கிலும் வூஷு சேர்க்கப்பட்டுள்ளது. அடுத்த தலைமுறைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். பெண் குழந்தைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் பெண் பயிற்றுநரைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள்.

நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு முன்பணம் கட்டியிருந்தால், சேர்க்கை ரத்துக்கான விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது போதாது. மைத்துனரிடம் நீங்களே பேசுங்கள், அந்தப் பேச்சை மகளின் தலையில் கட்டாதீர்கள். கலை அறிவியல் கல்லூரிகளின் விண்ணப்பங்களை, அவற்றின் விளையாட்டுப் பிரிவுக்கான கடைசித் தேதியோடு குறித்துவைத்து, மகளையே நிரப்பச் சொல்லுங்கள்.