லாக்கில் படகு சுவரில் இடிக்கிறதா? கயிற்றைக் கவனியுங்கள்

தெற்கு பிரான்சின் கனால் டு மிடி கால்வாயில் வாடகைப் படகு எடுத்து, முதல் லாக்கிலேயே (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும், இரு பக்கமும் கதவு உள்ள தொட்டி) படகு சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். தப்பு முழுக்க உங்கள்மேல் இல்லை. அங்கே பழைய லாக்குகள் முட்டை வடிவம். மண் அழுத்தத்தைத் தாங்க 17ஆம் நூற்றாண்டில் சுவரை வளைத்துக் கட்டினார்கள். நேரான படகு அதில் ஒட்டி நிற்காது.

ஏறும்போது மேல் கதவிலிருந்து தண்ணீர் சீறி வரும். முன்கயிற்றைக் கரை முளையில் ஒரு சுற்று சுற்றி, படகு உயர உயரத் தொய்வை இழுத்துக்கொண்டே இருங்கள். முடிச்சு மட்டும் போடாதீர்கள். இறங்கும்போது முடிச்சு இருந்தால் தண்ணீர் கீழே போய்விடும், படகு கயிற்றில் தொங்கும்! பெசியே நகரம் பக்கம், படிக்கட்டுபோல அடுத்தடுத்து இருக்கும் ஃபொன்சரான் லாக்குகளில் கயிற்றுக்கு ஓர் ஆள் கட்டாயம். அப்புறம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாக்கை மூடிவிடுவார்கள். நீங்களும் அப்போதே சாப்பிட்டுவிடுங்கள்.